கடிதப் பிரிவில் கற்ற ஊழியம்

நற்செய்தி வானொலியில் பேசிக்கொண்டிருந்த ஒருவர் பின்னாளில் குருப்பட்டம் பெற்றுச் சேகரப் பணிக்கு, அதாவது ஒரு குருவின் பொறுப்பில் விடப்படும் சபைகளின் பணிக்கு, வந்தால், அவருடைய குரல்தான் அவரை அங்கே கொண்டுவந்து சேர்த்தது என்று சபையார் பெரும்பாலும் எண்ணிக்கொள்கிறார்கள். என் விஷயத்தில் அது உண்மையல்ல. 1980-களின் இறுதியிலிருந்து ஏறத்தாழப் பத்தாண்டுகள் தமிழ் நற்செய்தி நிகழ்ச்சிகளைத் தயாரித்து வழங்கிய பிறகு இறையியல் கல்லூரியில் சேர்ந்து, தென்னிந்தியத் திருச்சபையில் முதலில் குருத்துவத்துக்கு முந்தைய படியான டீக்கனாகவும் பின்னர் குருவாகவும் அபிஷேகம் பெற்றேன். ஊழியத்துக்கு என்னைப் பழக்கியது ஒலிப்பதிவு அறையைவிட அதை அடுத்திருந்த கடிதப் பிரிவே என்று இன்றும் உறுதியாகச் சொல்வேன். யூடியூபிலும் இணைய வானொலியிலும் பேசிவரும் இளைஞர்கள் சிலர் குருத்துவப் பணிக்கு வர விரும்பி ஆலோசனை கேட்கும்போதெல்லாம் இதைத்தான் முதலில் சொல்கிறேன். அதன் காரணத்தை விரிவாக எழுதிவைத்தால் அவர்களுக்குப் பயன்படும் என்று நம்புகிறேன்.

அந்த வானொலி இயங்கிய முறையே இன்றைய தலைமுறைக்குப் புதிதாக இருக்கும். இந்தியாவில் ஒலிபரப்பு நெடுங்காலம் அரசின் கையில் மட்டுமே இருந்தது. தனியார் பண்பலைக்கு உரிமம் வழங்கத் தொடங்கிய பிறகும் சமய அமைப்புகள் அதைப் பெற முடியாது என்றே விதி வகுத்தார்கள். ஆகவே தமிழ் நற்செய்தி நிகழ்ச்சிகள் கடல் கடந்துதான் நம் வீடுகளுக்கு வந்தன. ஃபீபா வானொலி 1970-இல் சிஷெல்ஸ் தீவுகளிலிருந்து சிற்றலையில் ஒலிபரப்பத் தொடங்கியது. இலங்கையின் புத்தளத்தில் டிரான்ஸ் வேர்ல்டு ரேடியோ 882 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலையில், 400 கிலோவாட் திறன்கொண்ட ஒலிபரப்பியை வைத்திருந்ததால், தென் மாவட்டங்களில் சாதாரண டிரான்சிஸ்டரிலேயே அந்த நிலையம் எடுத்தது. சிற்றலையைப் பிடிப்பதற்குப் பொறுமை வேண்டும். முள்ளை மயிரிழை நகர்த்தினாலும் நிலையம் நழுவிவிடும். அப்படித் தேடிப் பிடித்துக் கேட்டவர்கள் பொழுதுபோக்குக்காகக் கேட்டவர்கள் அல்லர் என்பதை நிகழ்ச்சி தயாரித்த நாங்கள் அறிந்திருந்தோம்.

எங்கள் நிகழ்ச்சி பதினைந்து நிமிடம். அறிமுக இசை, ஒரு கீர்த்தனை, முடிவில் தபால் பெட்டி எண்ணை எழுதிக்கொள்ளும் வேகத்தில் இரண்டு முறை சொல்லும் அறிவிப்பு ஆகியவை போகப் பேச்சுக்கு ஒன்பது பத்து நிமிடமே கிடைக்கும். அதற்கு ஆயிரம் சொற்கள் தாராளம். தவறாக உச்சரித்த சொல்லை நீக்குவதற்கு, கால் அங்குல நாடாவைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல உருட்டி, சொல் தொடங்கும் இடத்தைக் காதால் பிடித்து, மெழுகுப் பென்சிலால் குறியிட்டு, பிளேடால் சாய்வாக வெட்டி ஒட்ட வேண்டும். நேராக வெட்டினால் ஒட்டிய இடம் கடக்கும்போது ஒரு சிறு வெடிப்பு கேட்கும். முடிந்த நாடாச் சுருள்கள் கடல் கடந்து போய்ச் சேர்ந்து ஒலிபரப்பாவதற்குள் இரண்டு மூன்று மாதங்கள் ஓடிவிடும் என்பதால், கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியைச் செப்டம்பர் வெயிலில் பதிவு செய்வோம். ‘இன்று’, ‘நேற்று’, ‘இந்த வாரம்’ ஆகிய சொற்கள் எழுத்துப்படியில் இருக்கக்கூடாது. மழை, தேர்தல், விலைவாசி, ஊர்ப்பெயர் எதுவும் கூடாது. எந்த நாளிலும் எந்த ஊரிலும் பொருந்தும்படி பேசுவதே திறமை என்று எங்களுக்குக் கற்பிக்கப்பட்டது. அந்தக் கட்டுப்பாடு பின்னாளில் எனக்கு எத்தனை பெரிய கேள்வியாக எழுந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

வானொலி எனக்குத் தந்தவற்றுள் இன்றுவரை குறையாமல் பயன்படுவது வேதவாசிப்பு. நம் ஆராதனைகளில் வேதபாடம் வாசிக்கும் பொறுப்பைக் கடைசி நிமிடத்தில் யாரிடமாவது கொடுக்கும் வழக்கம் எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. பழைய திருப்புதல் என்ற தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பின் வாக்கியங்கள் நீளமானவை. எழுவாய் ஒரு வசனத்திலும் பயனிலை மூன்றாம் வசனத்திலும் இருக்கும், பவுலின் நிருபங்களில் இது இன்னும் கடினம். ஒலிப்பதிவுக்கு முன் பகுதியை மூன்று முறையாவது வாய்விட்டு வாசித்து, மூச்சு எடுக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடும், பொருள் மாறும் இடத்தில் இரண்டு கோடும் பென்சிலால் போட்டுக்கொள்வோம். அரைப்புள்ளியில் குரலைத் தாழ்த்தாமல் நிறுத்தவும் முற்றுப்புள்ளியில் தாழ்த்தவும் பழகிவிட்டால், எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டியும் வசனத்தின் பொருளைக் காதாலேயே பிடித்துக்கொள்வார். இந்தப் பயிற்சிக்கு நல்ல குரல் தேவையில்லை, முந்தின இரவில் அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். என் சேகரத்தில் வேதபாடம் வாசிப்பவர்களுக்குச் சனிக்கிழமை மாலையில் இதைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன்.

இனிக் கடிதப் பிரிவுக்கு வருகிறேன். நிகழ்ச்சி வழங்குபவர்கள் வாரத்தில் சில நாட்கள் அங்கேயும் உட்கார வேண்டும் என்பது எங்கள் நிறுவனத்தின் விதி. 15 பைசா அஞ்சலட்டைகளும் நீல நிற இன்லேண்டு கடிதங்களும் கட்டுக்கட்டாக வரும். ‘31 மீட்டர் சிற்றலையில் கேட்டேன், நடுவில் இரைச்சல் இருந்தது’ என்று ஒலித்தரத்தை மட்டும் துல்லியமாக எழுதி, நிலையத்தைக் கேட்டதை உறுதிசெய்யும் அத்தாட்சி அட்டை கேட்கும் வானொலி ஆர்வலர்கள் ஒரு வகை. மற்றவர்கள் தங்கள் வாழ்க்கையை எழுதினார்கள்: கணவரின் குடி, பிறந்த வீட்டுக்குப் போக முடியாத நிலை, மூன்றாம் முறையும் தவறிய தேர்வு, யாரிடமும் சொல்ல முடியாத நோய். வீட்டில் வேறு யாருக்கும் தெரியாமல் அடுப்படியில் ஒலியைக் குறைத்துவைத்துக் கேட்ட பெண்கள் பலர் எழுதினார்கள். நிகழ்ச்சியில் நான் என்ன பேசினேன் என்பதைப் பற்றி அந்தக் கடிதங்களில் பெரும்பாலும் ஒரு வரிதான் இருக்கும். எஞ்சிய பக்கம் முழுவதும் அவர்களுடைய பாரம்.

பிரிவின் பொறுப்பில் இருந்த மூத்த சகோதரி ஒருவர் எனக்குக் கற்றுத்தந்த முறைகளை எந்த இறையியல் பாடநூலிலும் நான் அப்படிக் கண்டதில்லை. அஞ்சலட்டையில் கேள்வி வந்தாலும் பதில் மூடிய உறையில்தான் போக வேண்டும், ஏனெனில் தபால்காரர் வருவதற்குள் அஞ்சலட்டையைத் தெருவே படித்துவிடும். உறையின்மேல் நிறுவனத்தின் பெயர் இருக்கக்கூடாது. பதில் கடிதம் வேறு ஒருவர் கையில் கிடைத்துவிடலாம் என்பதால், அவர்கள் எழுதிய இரகசியத்தை நாம் திருப்பி எழுதக்கூடாது. ‘நீங்கள் எழுதியதை முழுவதும் படித்தோம்’ என்ற ஒரு வாக்கியமே போதும். வசனத்தைக் கடிதத்தின் தலையில் வைக்காமல், கேட்ட கேள்விக்கு முதல் பத்தியிலேயே நேரான பதிலைச் சொல்ல வேண்டும். தெரியாததைத் தெரியும் என்று எழுதக்கூடாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் கடிதத்தில் தொனித்தால் அது அடுக்கில் காத்திருக்கக்கூடாது, அன்றைக்கே பொறுப்பாளரிடம் போய், அந்த ஊருக்கு அருகில் உள்ள நம்பிக்கையான ஒருவர் நேரில் செல்ல ஏற்பாடாக வேண்டும்.

அவர் கடிதத்தை எடுத்தவுடன் பேனாவைத் தொடமாட்டார். முதலில் ஒரு முறை மெல்லிய குரலில் வாய்விட்டு வாசிப்பார். ‘தம்பி, கண்ணால படிச்சா நமக்குப் பதில்தான் தோணும். காதால கேட்டாத்தான் அந்தப் பிள்ளை தெரியும்’ என்பார். அந்த ஒரு பழக்கத்தை நான் சேகரத்துக்கும் எடுத்துவந்தேன். வீடு சந்திப்பில் ஒருவர் சொல்லி முடித்ததும், அவர் சொன்னதை அவருடைய சொற்களிலேயே ஒரு முறை திருப்பிச் சொல்லி, ‘நான் கேட்டது சரிதானா?’ என்று உறுதி செய்துகொண்ட பிறகே ஜெபிக்கத் தொடங்குவேன்.

பணமும் மருத்துவமும் பற்றிய விதிகள் கடுமையாக இருந்தன, அதற்காக இன்றும் நன்றி சொல்கிறேன். நேயர்கள் அனுப்பும் மணியார்டர் எதுவும் நிகழ்ச்சி வழங்குபவர் பெயரில் வரக்கூடாது. தவறி வந்தாலும் அலுவலகக் கணக்கில் வைத்து ரசீது அனுப்ப வேண்டும். ஜெபத்தால் நோய் நீங்கியது என்று நேயர் எழுதியதை ஒலிபரப்பலாமா என்பதை ஒரு குழு முடிவு செய்யும். மருந்தை நிறுத்தச் சொல்லும் எந்தச் சொல்லும் எழுத்துப்படியில் இடம்பெறாது. இன்று சொந்தக் கைபேசி எண்ணையும் சொந்த வங்கிக் கணக்கின் கியூஆர் குறியீட்டையும் காணொளியின் கீழே போடுகிறவர்கள் ஊழியத்துக்கு வர விரும்புவதாகச் சொன்னால், முதலில் அந்தக் குறியீட்டை எடுத்துவிட்டு வாருங்கள் என்றே கேட்டுக்கொள்கிறேன். குருப்பட்டத்துக்குப் பிறகு சேகரத்தின் காணிக்கை, கட்டட நிதி, சபையார் கூடி உண்ணும் அசனப் பண்டிகையின் கணக்கு ஆகிய அனைத்தும் கண்முன்னே நடக்கும்; ஒரு ரூபாய்க்கும் ரசீது கேட்கும் பழக்கம் முன்பே கைவந்திருக்க வேண்டும்.

குருத்துவ அழைப்பைப் பற்றி நான் பேசத் தொடங்கியபோது, வானொலிப் பணியை ஊழியமாகக் கருதலாமா என்ற ஐயம் சபைப் பெரியவர்கள் சிலருக்கு இருந்தது. அது புதிய ஐயமும் அல்ல. 1921 ஜனவரி 2 அன்று அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் கால்வரி எப்பிஸ்கோப்பல் ஆலயத்திலிருந்து கேடிகேஏ வானொலி நிலையம் ஆராதனையை ஒலிபரப்பியபோது, தலைமைக் குருவுக்கு அதில் ஆர்வமில்லாமல் இளைய குருவிடம் அந்தப் பொறுப்பு விடப்பட்டது. ஆராதிப்போரின் கவனம் சிதறக்கூடாதென்று தொழில்நுட்பப் பணியாளர்கள் பாடகர் குழுவின் அங்கி அணிந்து உட்கார்ந்தார்கள். ஆனால் நம் தமிழ்ச் சபையின் தொடக்கத்தைப் பார்த்தால் வேறொரு முன்மாதிரி இருக்கிறது. 1733-இல் தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்ற ஆரோன், இந்தியச் சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபைகளின் முதல் இந்தியக் குரு. அதற்கு முன் அவர் குருப்பட்டம் இல்லாத போதகப் பணியாளரான உபதேசியாராக ஊர் ஊராய்ப் போய்ப் பேசியும் கற்பித்தும் பணி செய்தவர். திருப்பணியில் முதலில் பழகி, அதைச் சபை கண்டறிந்து, பிறகு பட்டம் கொடுப்பதே இங்கு பழைய வழி.

இந்த ‘சபை கண்டறிதல்’ என்ற படியை இளைஞர்கள் எளிதாக எண்ணிவிடக்கூடாது. தென்னிந்தியத் திருச்சபையில் நீங்கள் உறுப்பினராக உள்ள சேகரத்தின் கமிட்டி உங்களைப் பரிந்துரைக்க வேண்டும். அதன் பிறகு பேராயரின் ஆளுகைப் பகுதியான திருமண்டலத்தின் தேர்வுக்குழு, நேர்காணல், இறையியல் படிப்பு, உதவி ஊழிய காலம், டீக்கன் பட்டம், குருப்பட்டம் என்று வரிசை நீளும். ஆயிரக்கணக்கான நேயர்கள் உங்களை அறிந்திருப்பது அந்தக் கமிட்டி அறையில் கணக்கில் வராது. ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்தீர்களா, அடக்க ஆராதனைக்கு நாற்காலி எடுத்துப் போட்டீர்களா, வயதான உறுப்பினரின் வீட்டுக்குப் போனீர்களா என்பவையே அங்கு கேட்கப்படும், அப்படிக் கேட்பதுதான் முறை. ஒலிப்பதிவுக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் ஊராய்ப் போய்க்கொண்டிருப்பவர்கள் குறைந்தது இரண்டு மூன்று ஆண்டுகளாவது தங்கள் சொந்தச் சபையில் நிலைத்திருந்துவிட்டு விண்ணப்பிப்பது நல்லது. திருமணமானவராக இருந்தால் மனைவியோடும் பிள்ளைகளோடும் பேசாமல் விண்ணப்பத்தில் கையெழுத்திடவே கூடாது. மாணவர் விடுதி வாழ்க்கை, குறைந்த வருவாய், சில ஆண்டுகளுக்கு ஒரு முறை வரும் மாறுதல், பிள்ளைகளின் பள்ளி ஆகிய அனைத்தையும் குடும்பமே சுமக்கிறது. என் மனைவி இரண்டு வாரம் எடுத்துக்கொண்டு யோசித்துப் பதில் சொன்னார், அந்தப் பதிலே எனக்கு முதல் நேர்காணலாக அமைந்தது.

மதுரை அரசரடியில் 1969-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் என் படிப்பு நடந்தது. முப்பது வயதைக் கடந்தபின் கிரேக்க வினைச்சொற்களை மனப்பாடம் செய்வது கடினம் என்பதைத் தவிர அதுபற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைக் குறிப்பிட வேண்டும்: பரட்டை என்று அறியப்பட்ட தியோபிலஸ் அப்பாவு ஐயா உருவாக்கிய கிராமிய இசை வழிபாட்டை அங்கே பாடினோம். வானொலியின் சீரான, எந்த ஊருக்கும் சொந்தமில்லாத தமிழில் ஊறிப்போயிருந்த என் காதுக்கு, பறையோடு சேர்ந்து எழுந்த அந்த ஊர்த்தமிழ், ஆண்டவரிடம் பேசும் தகுதி எந்தப் பேச்சுக்கும் உண்டு என்பதை உணர்த்தியது. பிரசங்கத்தில் உரைநடைத் தமிழைப் பேணுகிற நான், ஜெபத்திலும் வீடு சந்திப்பிலும் ஊர்ப்பேச்சையே பேசுவது அதன் பயன்தான்.

சேகரத்துக்கு வந்தபின் நான் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தவற்றுள் பெரியது, எந்த நாளுக்கும் பொருந்தும்படி பேசும் அந்தப் பழக்கம். டீக்கனாக இருந்த காலத்தில் ஒரு அடக்க ஆராதனைக்கு முன், இறந்துபோன தாயாரின் மகள் என்னைத் தனியே அழைத்து, ‘ஐயா, எங்க அம்மா பேரச் சொல்லிப் பேசுங்க. முப்பது வருசமா பீடி சுத்தி எங்களப் படிக்க வச்சாங்க, அதையும் சொல்லணும்’ என்று கேட்டுக்கொண்டார். நான் ஒரு காகிதத்தை எடுத்து, பிறந்த ஊர், உடன்பிறந்தவர்கள், அம்மா விரும்பிப் பாடிய கீர்த்தனை, ஆலயத்தில் வழக்கமாக உட்கார்ந்த இடம் ஆகியவற்றைக் கேட்டு எழுதிக்கொண்டேன். உயிர்த்தெழுதலைப் பற்றிய செய்தி அன்று குறையவில்லை. ஒரு முகத்தைப் பற்றியதாக அது இறங்கி வந்தது. அன்றிலிருந்து அடக்க ஆராதனைக்குப் போகுமுன் குடும்பத்தாரோடு பத்து நிமிடமாவது உட்கார்ந்து இவற்றைக் கேட்டு எழுதாமல் நான் அங்கி அணிவதில்லை.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஆராதனைக்கு மக்கள் கூடியிருந்த வேளையில்தான் கடல் ஏறிவந்தது. கன்னியாகுமரி மாவட்டத்தின் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி கரைகளிலிருந்து வந்த செய்திகள் நண்பகலுக்குள் எல்லா ஊர்களையும் எட்டிவிட்டன. அடுத்த ஞாயிறு ஆண்டின் முதல் ஆராதனை, ஜனவரி 2. புத்தாண்டு வாக்குத்தத்தம் என்று முன்கூட்டியே எழுதிவைத்திருந்த பிரசங்கம் எந்த ஆண்டின் ஜனவரிக்கும் பொருந்தும், அதனாலேயே அந்த ஜனவரிக்குப் பொருந்தவில்லை. வானொலியாக இருந்தால் மாதங்களுக்கு முன் பதிவான மகிழ்ச்சியான நிகழ்ச்சிதான் அந்த நாளிலும் போயிருக்கும்; அது யாருடைய குற்றமும் இல்லை, அந்தச் சாதனத்தின் இயல்பு. ஆலயத்தில் அப்படி முடியாது. எங்கள் சேகரத்தாருக்குக் கடற்கரையில் இருந்த உறவினர், உடன் வேலை பார்த்தவர், மீன் கொண்டுவந்து விற்ற அம்மாமார் எனப் பெயர்களைக் கேட்டுத் தொகுத்து, பிரசங்கத்துக்குப் பதிலாக அந்தப் பெயர்களையும் 130-ஆம் சங்கீதத்தையும் மாறி மாறி வாசித்தோம். நிவாரணப் பொருள்களோடு யார் யார் எந்த நாள் போவது என்பதையும் அந்த ஆராதனைக்குள்ளேயே அறிவித்தோம்.

மருத்துவமனைச் சந்திப்பிலும் வானொலிக்காரர் ஒன்றை மறக்க வேண்டியிருக்கிறது. ஒலிபரப்பில் சில வினாடிகள் ஓசை நின்றாலே நிலையம் பழுதாகிவிட்டதென்று நேயர் முள்ளைத் திருப்பிவிடுவார் என்பதால், இடைவெளியை நிரப்பும் அவசரம் நாக்கிலேயே குடியிருக்கும். படுக்கையில் இருப்பவர் களைத்திருக்கும்போது அந்த அவசரம் அவரைத் துன்புறுத்தும். நான் கைக்கொண்ட வழி எளியது: உள்ளே நுழைந்ததும் நிற்காமல் உட்கார்ந்துவிடுவது, அவர் பேசும்வரை காத்திருப்பது, அவர் பேசாவிட்டால் ஒரு சங்கீதத்தை மட்டும் நிதானமாக வாசித்துவிட்டு, வெளியே நிற்கும் குடும்பத்தாரிடம் பேசுவது.

2003-இல் சிஷெல்ஸ் ஒலிபரப்பு நின்றுபோனது, சிற்றலை கேட்ட தலைமுறையும் குறைந்துவிட்டது. இப்போது எங்கள் சேகரத்தின் வாட்ஸ்அப் குழுவில் நாள்தோறும் காலையில் நான்கு நிமிட ஒலிச்செய்தி அனுப்புகிறேன். பழைய எழுத்துப்படி முறையில்தான் அதையும் எழுதுகிறேன், ஒரே ஒரு மாற்றத்தோடு: அந்த நாளின் தேதி, பிறந்தநாள் காண்கிறவர், மருத்துவமனையில் இருப்பவர் என, பெயர் சொல்ல இசைந்தவர்களின் பெயர்கள் அதில் இருக்கும். பதில்கள் தனிச் செய்தியாக வருகின்றன, மூடிய உறையின் விதி அப்படியே பொருந்துகிறது. தனிச் செய்தியில் வந்ததைக் குழுவில் ஜெபக் குறிப்பாகப் போடுவதில்லை, ‘ஒரு குடும்பத்துக்காக’ என்று பூடகமாகச் சொல்வதுமில்லை, ஏனெனில் ஊரில் அதுவே போதும் யாரென்று கண்டுபிடிக்க.

வானொலிப் பணியிலிருந்தோ காணொளிப் பணியிலிருந்தோ விலகிக் குருத்துவத்துக்கு வருகிறவர்கள் நேயர் பட்டியலைத் தங்களோடு எடுத்துவரக் கூடாது. அந்த முகவரிகளை மக்கள் ஒரு நிறுவனத்தை நம்பிக் கொடுத்தார்கள். நான் விலகிய மாதத்தில், தொடர்ந்து எழுதிக்கொண்டிருந்தவர்களின் கோப்புகளை அந்த மூத்த சகோதரியோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, இனி யார் பதில் எழுதுவார் என்று பெயர் குறித்து ஒப்படைத்தேன். ஞானஸ்நானத்தைப் பற்றிக் கேட்டிருந்தவர்களுக்கு அவரவர் ஊருக்கு அருகில் உள்ள சபையின் குருவை, அவர்களுடைய சம்மதம் பெற்ற பிறகே, அறிமுகப்படுத்தி எழுதினோம். அந்தக் கோப்புகளை ஒப்படைத்து முடிக்கும்வரை கல்லூரியில் சேரும் நாளைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டு எழுதியிருந்தேன். ஒரு வாரம் தந்தார்கள், அது போதுமானதாக இருந்தது.